ஆண்களின் ஆயுள் ஏன் குறைகிறது?

மலேசியாவில் ஆண்களின் சராசரி ஆயுள் பெண்களுடையதைவிட ஏறத்தாழ 5 ஆண்டு குறைவு. இதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, உடலமைப்பு. மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு ஹார்மோன் ஓரளவு காவலாக இருக்கிறது. ஆண்களை இதயநோய் பெண்களைவிடச் சுமார் 10 ஆண்டு முன்னதாகவே பிடித்துவிடுகிறது.

இரண்டாவது, புகை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, 100 ஆண்களில் 40 பேர் புகைத்தார்கள். பெண்களில் ஒருவர்தான்.

மூன்றாவது, சாலை. நாட்டின் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

நான்காவது, மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவது. எடுத்துக்காட்டாக, செபராங் ஜெயாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. தூரம் ஒரு தடையல்ல. ஆனால் அருகிலுள்ள பிறை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை செய்பவருக்கு, ஒரு காலைப்பொழுதைக் கிளினிக்கில் கழித்தால் ஓய்வு போகும் அல்லது ஓவர்டைம் காசு போகும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்.

நம் இந்தியர்களுக்கு இதில் ஆபத்து கூடுதல். அதே 2019 ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் வலி காட்டாமல் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை. பரிசோதித்தால்தான் தெரியும்.

எங்கே போவது? அரசின் எஸ்.டி.ஆர். ரொக்க உதவி பெறுபவரும் அவருடைய துணைவரும், 40 வயதை எட்டியிருந்தால், 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். அரசு கிளினிக்குகளோடு, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் கிளினிக்குகளுக்கும் போகலாம். மற்ற குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் 1 வெள்ளி. புகையை விட விரும்புவோருக்கும் அங்கே உதவி உண்டு.

மனச்சுமையையும் ஆண்கள் வெளியே சொல்வதில்லை. தற்கொலையால் இறப்போரில் ஆண்களே அதிகம். தற்கொலை முயற்சி 2023 முதல் இந்நாட்டில் குற்றமல்ல. உதவி கேட்டால் போலீஸ் வரும் என்ற பயம் வேண்டாம். சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழைத்துப் பேசலாம்.

40 வயதைத் தாண்டியும் ஒருமுறைகூட இரத்தம் சோதிக்காத ஆண் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த விடுமுறை நாள்வரை காத்திருக்காமல் இந்த வாரமே அழைத்துக்கொண்டு போங்கள்.