கோணலாகக் கூடிய மணிக்கட்டும் எலும்பு ஒட்டும்

சென்ற ஆண்டு பாசன வாய்க்கால் வேலை ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். வெயிலின் கடுமையைக் கண்ட விவசாய அன்பர் ஒருவர் மோர் கொண்டு வந்து கொடுத்தார். இடக்கையால் கொடுத்தார். உடனே, “மன்னிக்க வேண்டும் ஐயா, வலக்கை மலர்வதில்லை” என்று வருந்தினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் வரப்பில் வழுக்கி விழுந்தபோது அக்கையை ஊன்றினாராம். மணிக்கட்டருகே எலும்பு முறிந்தது. எக்ஸ்ரே எடுக்காமலே கட்டுப் போட்டுக்கொண்டார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. விதையை உள்ளங்கையில் ஏந்தவும், ஈரத்துணியைப் பிழியவும், மண்வெட்டியை அழுத்திப் பிடிக்கவும் அவரால் இயலவில்லை. கூடிவிட்ட எலும்பை இனி யார் என்ன செய்ய முடியும் என்பது அவர் எண்ணம். நம்மில் பலருக்கும் இவ்வெண்ணம் உண்டு. அது சரியன்று.

முன்கையில் இரண்டு எலும்புகள் உள்ளன. கட்டைவிரல் பக்கத்தில் இருப்பதை ஆரை எலும்பு என்பர். கையை ஊன்றி விழுகையில் மணிக்கட்டை அடுத்துப் பெரும்பாலும் முறிவது இதுவே. டப்ளின் நகரத்து ரண வைத்தியர் ஆபிரகாம் காலிஸ் என்பார் 1814-ஆம் ஆண்டிலேயே, அதாவது எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 81 ஆண்டுகள் முன்னரே, இம்முறிவை விவரித்து எழுதினார். இவ்வெலும்பின் முனை இயல்பில் உள்ளங்கைப் பக்கமாகச் சுமார் 11 பாகை சாய்ந்திருக்கும். முறிந்தபின் அது புறங்கைப் பக்கம் சாய்ந்து, நீளமும் குறைந்து கூடிவிடுமானால் பிடியின் வலிமை குன்றும். ஒரு காளை பின்தங்கினால் நுகம் கோணுவதுபோல, ஆரை எலும்பு குறுகியதும் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முன்னே துருத்தி நிற்கும். இரண்டும் சேர்ந்து சுழலும் மூட்டு தடைப்படும். கை மலராமைக்கு இஃது ஒரு முக்கிய காரணமாகும்.

இதனைச் சீர்ப்படுத்தக் கூடிய எலும்பையே மீண்டும் அறுக்க வேண்டும். கேட்பதற்கு அச்சம் தருவதுதான். முதலில் இரு கைகளையும் எக்ஸ்ரே எடுத்து, நல்ல கையை அளவுகோலாகக் கொண்டு கோணலைக் கணக்கிடுவர். பின்னர் மயக்க மருந்து கொடுத்து, பழைய முறிவிடத்தில் எலும்பை அறுத்து, முனையை உரிய சாய்வுக்குக் கொண்டுவருவர். அப்போது அங்கே ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி உண்டாகிறது. அதனை நிரப்புவதே எலும்பு ஒட்டு. நோயாளியின் இடுப்பெலும்பு விளிம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து, இடைவெளிக்கேற்பச் செதுக்கிப் பொருத்தி, உலோகத் தகடும் திருகாணிகளும் கொண்டு இறுக்குவர். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய டியேகோ ஃபெர்னாண்டஸ் என்ற டாக்டர் 1982-இல் இம்முறையை விளக்கி வெளியிட்டார்.

ஒட்டு என்றதும் ஒட்டு மாங்கன்று நினைவுக்கு வரும். உவமை ஓரளவே பொருந்தும். மாவில் ஒட்டிய கிளையே வளர்ந்து காய்க்கிறது. எலும்பிலோ, வைத்த துண்டு முதலில் தாங்குகோலாக நிற்கிறது. உடல் அதைச் சிறுகச் சிறுகக் கரைத்து, அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டுகிறது. சொந்த எலும்பில் உயிருள்ள அணுக்களும் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களும் இருப்பதால் இக்காரியத்திற்கு அது மிக ஏற்றது. துண்டு எடுத்த இடுப்பில் சில வாரங்களேனும் வலி இருக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை. இதனால் செயற்கை எலும்புப் பொருள்களையும் சில டாக்டர்கள் கையாளுகின்றனர். உறுதியான தகடு பொருத்திய சிறு இடைவெளிகளில் ஒட்டே வைக்காமல் விடுவாரும் உண்டு.

விரல்களை உடனே அசைக்கத் தொடங்க வேண்டும். எலும்பு நன்கு பற்றிக்கொள்ள இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். அதுவரை பளு தூக்கலாகாது. பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். கை முற்றிலும் பழைய நிலையை அடையும் என்று உறுதி கூற இயலாது. எனினும் வலி குறைந்து, திருப்பும் ஆற்றல் கூடுவது பெரும்பாலும் காணப்படுகிறது. மூட்டு ஏற்கெனவே தேய்ந்துவிட்டவர்களுக்கு இச்சிகிச்சை ஏற்றதன்று. தொல்லையேதுமின்றி நடமாடும் முதியோருக்கு, கை சற்றுக் கோணியிருப்பதற்காக மட்டும் இது தேவையில்லை.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது முதல் இரண்டு மூன்று வாரங்களையே. கையை ஊன்றி விழுந்தவரை அன்றே எக்ஸ்ரே வசதியுள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். மாவுக்கட்டுப் போட்ட பின்னும் எலும்பு உள்ளே நழுவுவதுண்டு. ஆதலின் முதல் வாரத்திலும் இரண்டாம் வாரத்திலும் மீண்டும் எக்ஸ்ரே பார்ப்பது அவசியம். அப்போது கண்டுபிடித்தால், இறுகுமுன் நேராக்குவது எளிது. ஆண்டுகள் கடந்தவர்களும் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் காட்டி, காப்பீட்டு அட்டை பயன்படுமா என்பதையும் அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம்.

மோர் கொடுத்த அன்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். இடுப்பில் எடுப்பது பற்றித்தான் இருமுறை கேட்டார். நடவு முடிந்ததும் போய்க் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.