பனிமூட்டத்தில் ஒரு பாடம்

தாராவியிலோ முலுந்திலோ குடியிருக்கும் ஒரு தமிழ்க் குமாஸ்தாவின் மகன் பொறியியல் கல்லூரியில் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிப் படிப்பு முடியும் வரை கணக்கில் புலி. கல்லூரிக்குப் போனதும் கணிதத் தாளில் தவறிவிடுகிறான். மும்பை மாணவர் பேச்சில் சொன்னால், 'கே.டி.' விழுந்துவிடுகிறது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய தந்தைக்குத் திகைப்பு, பையனுக்கோ வெட்கம்.

இப்படி இடறவைக்கும் பாடங்களில் ஒன்று நேரியல் இயற்கணிதம். 'லீனியர் அல்ஜீப்ரா' என்று கல்லூரியில் சொல்வது இதைத்தான்.

டீக்கடைக் கணக்கு

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. தெருமுனைக் கடையில் இரண்டு டீ, ஒரு வடா பாவ். பில் 40 ரூபாய். பக்கத்தில் நின்றவருக்கு ஒரு டீ, மூன்று வடா பாவ். பில் 70 ரூபாய். ஒவ்வொன்றின் விலை என்ன? இரண்டாவது பில்லை இரட்டித்தால் இரண்டு டீ, ஆறு வடா பாவ், 140 ரூபாய். அதிலிருந்து முதல் பில்லைக் கழித்தால் டீ மறைந்துவிடும். ஐந்து வடா பாவ் 100 ரூபாய். ஆகவே ஒன்று 20. டீ 10.

இப்படி ஒன்றை நீக்கி மற்றதைக் காணும் முறை ஜெர்மானியக் கணித மேதை காஸ் பெயரால் வழங்குகிறது. ஆனால் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்திய சீனக் கணித நூல் ஒன்றிலேயே இது காணப்படுகிறது. எண்களை மட்டும் வரிசையாக எழுதிக் கட்டம் கட்டினால் அதுவே 'மாட்ரிக்ஸ்'. தமிழ்ப் பாடநூல் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'அணி'.

மூட்டம் எங்கே?

இதுவரை சிக்கலில்லை. 'வெக்டர் வெளி', 'நேரியல் சார்பு', 'தரம்' என்ற சொற்கள் வரும்போதுதான் வகுப்பு மௌனமாகிறது. அமெரிக்காவின் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் கார்ல்சன் 1993-ல் எழுதிய கட்டுரையில் இதைப் பனிமூட்டத்துக்கு ஒப்பிட்டார். அதுவரை மாணவர்கள் செய்தது கணக்கு. திடீரென்று கருத்தைப் புரிந்துகொள்ளச் சொல்கிறார்கள். கைப்பழக்கம் அங்கே உதவுவதில்லை.

தமிழ் வழியில் படித்து வெளிமாநிலக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு மூட்டம் இரு மடங்கு. தெரிந்த விஷயமே வேறு பெயரில் வந்து மிரட்டுகிறது. 'தரம்' என்று படித்தது அங்கே 'ராங்க்'.

ஆனால் கருத்தும் டீக்கடையிலேயே இருக்கிறது. இரண்டாவது பில் நான்கு டீ, இரண்டு வடா பாவ், 80 ரூபாய் என்றிருந்தால்? அது முதல் பில்லின் இரட்டிப்பு. புதுச் செய்தி ஒன்றுமில்லை. விலையைக் கண்டுபிடிக்கவே முடியாது. இதுதான் நேரியல் சார்பு. பில் இரண்டானாலும் செய்தி ஒன்று. ஆகவே தரம் 1. அதே பில்லில் 90 ரூபாய் என்றிருந்தால் விடையே கிடையாது. எங்கோ தவறு நடந்திருக்கிறது. கணக்குப் பேரேடு பார்க்கும் எந்தக் குமாஸ்தாவுக்கும் இது புரியும்.

கற்பித்த பெரியவர்

இந்தப் பாடத்தை எளிமையாக்கியவர்களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் கில்பர்ட் ஸ்டிராங் முக்கியமானவர். சமன்பாடுகளை வரி வரியாகப் பார்ப்பதோடு நில்லாமல், பத்தி பத்தியாகவும் பார்க்கச் சொல்வார் அவர். நம் கணக்கில் டீயின் பத்தி 2, 1. வடா பாவின் பத்தி 1, 3. முதலாவதைப் பத்து மடங்கும் இரண்டாவதை இருபது மடங்கும் எடுத்துக் கூட்டினால் 40, 70 வந்துவிடும். விடை என்பது எதில் எவ்வளவு கலப்பது என்ற அளவே.

1999-ல் படம் பிடிக்கப்பட்ட அவரது வகுப்புகள் 2002 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த அவர், 2023 மே 15 அன்று தம் 88ஆம் வயதில் கடைசி வகுப்பை நடத்தி ஓய்வு பெற்றார். நம் நாட்டிலும் ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய 'என்.பி.டெல்' திட்டத்தில் இப்பாடத்தைக் காசில்லாமல் கேட்கலாம்.

1998-ல் தோன்றிய கூகுள், இணையப் பக்கங்களை வரிசைப்படுத்த இந்த அணிக் கணக்கையே நம்பியது. இன்று கம்ப்யூட்டர் வேலை தேடும் பிள்ளைக்கு இது தப்பிக்க முடியாத பாடம்.

தவறிய மகனைத் திட்டுவதில் பயனில்லை. ஓர் ஞாயிற்றுக்கிழமை அவனோடு கடைக்குப் போய் இரண்டு பில் வாங்குங்கள். "இந்த இரண்டாவது பில் புதிதாக என்னப்பா சொல்லுகிறது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தொடங்கினால் மூட்டம் விலகத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.