கானமயில் பிழைக்குமா?

ராஜஸ்தானில் ‘கோடாவண்’ என்பார்கள். மராட்டியத்தில் ‘மாள்டோக்’. குஜராத்தில் ‘கோராட்’. ஆங்கிலப் பெயர் கிரேட் இண்டியன் பஸ்டர்ட். தமிழில் நம் பறவை ஆர்வலர்கள் இதைக் கானமயில் என்று அழைக்கிறார்கள். பெயரில் மயில் இருக்கிறதே தவிர, இது மயிலினத்தைச் சேர்ந்ததல்ல. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், கறுப்புக் கொண்டை, வெள்ளைக் கழுத்து, மண் நிற முதுகு. நன்கு வளர்ந்த ஆண் பறவை 15 கிலோ வரை எடை இருக்கும். இவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கும் பறவைகள் உலகிலேயே மிகச் சில.

நமது தேசியப் பறவையாக 1963-ல் மயில் அறிவிக்கப்பட்டது நாம் அறிந்ததே. அந்தப் பெருமையைக் கானமயிலுக்குத் தர வேண்டும் என்று வாதாடியவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. தேசியப் பறவை ஆகிவிட்டால் மக்கள் அதைக் காப்பாற்றுவார்கள் என்பது அவரது எண்ணம். அது நடக்கவில்லை. 1969-ல் நாட்டில் சுமார் 1,260 கானமயில்கள் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். 2018-ல் அது 150 அளவுக்கு வந்துவிட்டது. அவற்றிலும் பெரும்பாலானவை ஜெய்சால்மர் மாவட்டத்தில்தான். மற்ற மாநிலங்களில் எஞ்சியிருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வயலோடு வாழ்ந்த பறவை

கானமயிலைக் காட்டுப் பறவை என்று நினைத்தால் அதன் கஷ்டம் நமக்குப் புரியாது. அடர்ந்த மரங்கள் அதற்கு ஆகாது. நாலா பக்கமும் பார்வை எட்டும் புல்வெளியும், அதை ஒட்டிய மானாவாரி நிலமுமே அதன் வீடு. கம்பு, சோளம், எள், கடலை விளையும் வயல்களில் இறங்கி வெட்டுக்கிளி, வண்டு, ஓணான், இலந்தைப்பழம், தானியம் எனக் கிடைத்ததைத் தின்னும். மழைக்காலம் வந்ததும் ஆண் பறவை மேடான இடத்தில் நின்று, கழுத்துப் பையை ஊதி, தொலைதூரம் கேட்கும்படி உறுமிப் பெட்டையை அழைக்கும். பெட்டை கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இட்டு ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாக்கும். அந்த ஒரு முட்டையும் நரிக்கோ நாய்க்கோ உடும்புக்கோ காக்கைக்கோ தப்ப வேண்டும்.

ஒரு போகம் விதைத்து, பிறகு நிலத்தைத் தரிசாகப் போட்ட காலத்தில் இந்தப் பறவைக்குக் குறையொன்றும் இல்லை. பிறகு இந்திரா காந்தி கால்வாய் பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. ஆழ்குழாய்க் கிணறுகளும் வந்தன. ஆண்டு முழுவதும் பயிர், பூச்சிமருந்து, டிராக்டர், வேலி என்று நிலத்தின் முகமே மாறிற்று. தலைமுறை தலைமுறையாக வறட்சியைக் கண்ட விவசாயி தண்ணீருக்கு ஆசைப்பட்டதில் தவறில்லை. ஆனால் புல்வெளியை நமது வருவாய்த்துறைக் கணக்குகளில் ‘உபயோகமற்ற நிலம்’ என்று எழுதிவைத்தோமே, அது தவறு. அந்த ஒரு சொல்லால்தான் மரம் நடவும், சூரிய மின் நிலையம் போடவும், காற்றாலை நிறுத்தவும் முதலில் புல்வெளியைத் தேடிப் போகிறார்கள்.

கரேரா தந்த பாடம்

சரணாலயம் என்று அறிவித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் கரேராவை நினைவில் கொள்ள வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் சிவபுரி மாவட்டத்தில் உள்ள ஊர் அது. கானமயிலுக்காகவே 1981-ல் அங்கே சுமார் 200 சதுர கி.மீ. பரப்பில் சரணாலயம் அமைத்தார்கள். அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இருந்தன. நிலத்தை விற்க முடியாதபடி விவசாயிகள் கட்டுப்படுத்தப்பட்டார்கள். பாதுகாப்பினால் வெளிமான்கள் பெருகிப் பயிரை மேய்ந்தன. நஷ்டம் அடைந்தவனுக்குப் பறவை மீது எப்படிப் பிரியம் வரும்? ஊரே சரணாலயத்துக்கு எதிராகத் திரும்பியது. 1990-களின் நடுவில் அங்கே கானமயில் இல்லாமல் போயிற்று. பல ஆண்டுகள் கழித்து அந்தச் சரணாலயமே ரத்தானது.

மராட்டியத்தில் 1979-ல் வேறொரு விதமாக நடந்தது. சோலாப்பூர், அகமதுநகர் பகுதிகளில் 8,000 சதுர கி.மீ.க்கும் அதிகமான இடத்தை ஊர், சந்தை, சாலை எல்லாம் சேர்த்துச் சரணாலயம் என்று வரைபடத்தில் குறித்தார்கள். பின்னர் அதை 1,222 சதுர கி.மீ.யாகச் சுருக்க வேண்டியதாயிற்று. வரைபடத்தில் கோடு போடுவது சுலபம். அந்தக் கோட்டுக்குள் வாழ்பவனின் சம்மதத்தைப் பெறுவதுதான் கடினம்.

இன்குபேட்டரில் ஒரு முட்டை

எண்ணிக்கை இவ்வளவு குறைந்தபின் இயற்கையை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2018-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், ராஜஸ்தான் அரசு, டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2019-ல் ஜெய்சால்மருக்கு அருகே சம் என்ற இடத்தில் இனப்பெருக்க மையம் தொடங்கியது. பின்னர் ராம்தேவ்ராவில் இன்னொன்று அமைந்தது. ஹூபாரா என்னும் உறவுப் பறவையைப் பெருக்குவதில் அனுபவம் பெற்ற அபுதாபி நிபுணர்கள் இதற்குத் தொழில்நுட்ப உதவி செய்தார்கள்.

முறை இதுதான். வயல்வெளியில் பெட்டை இட்ட முட்டையைக் கவனமாக எடுத்துவந்து இன்குபேட்டரில் வைக்கிறார்கள். முட்டை பறிபோன பெட்டை அதே பருவத்தில் மறுபடி முட்டையிடவும் கூடும். வெளிவரும் குஞ்சு கோழிக்குஞ்சு போலத் தானே கொத்தித் தின்னாது. தாய் அலகில் பிடித்து நீட்டுவதையே வாங்கித் தின்னும் இனம் அது. ஆகவே பணியாளர்கள் இடுக்கியால் புழுவையும் பூச்சியையும் எடுத்து ஒவ்வொரு வாயாக ஊட்டுகிறார்கள். பெட்டை முட்டையிடும் வயதை எட்ட மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஆண் பறவைக்கு இன்னும் கூடுதல் காலம் வேண்டும். அவசரப்பட்டுப் பயனில்லை.

பொறுமைக்குப் பலன் கிடைத்தது. மையத்தில் வளர்ந்த பறவைகளே இணைசேர்ந்து இட்ட முட்டையிலிருந்து 2023-ல் முதல் குஞ்சு வெளிவந்தது. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் ஒரு குஞ்சு பிறந்தது. ராம்தேவ்ராவில் உள்ள ஆண் பறவையிடமிருந்து பெற்ற விந்தைச் சாலை வழியே சுமார் 200 கி.மீ. தூரத்தில் உள்ள சம் மையத்துக்குக் கொண்டுசென்று இதைச் சாதித்தார்கள். 2025-ல் இரு மையங்களிலும் சேர்த்துப் பறவைகளின் எண்ணிக்கை 60-ஐத் தாண்டியது.

இது பெரிய வெற்றிதான். ஆனால் கையால் ஊட்டி வளர்த்த பறவை மனிதனைக் கண்டு அஞ்சாது. நாய்க்கும் நரிக்கும் ஒளிந்துகொள்ள அதற்குத் தெரியாது. எனவே முதல் தலைமுறையை இனப்பெருக்கத்துக்கென்று வைத்துக்கொண்டு, அவற்றின் வாரிசுகளை மனித வாடை படாமல் வளர்த்துத்தான் வெளியே விட வேண்டும். அப்படி விடப்போகும் வெளி எப்படி இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. ஒர்க்‌ஷாப்பிலிருந்து புது எஞ்சின் வந்தால் மட்டும் போதாதே. ஓடுவதற்குத் தண்டவாளம் வேண்டும்.

கண்ணும் கம்பியும்

மேற்கு ராஜஸ்தானில் வெயிலும் காற்றும் அபரிமிதம். ஃபலோடி மாவட்டத்தின் பட்லா சூரிய மின் பூங்கா மட்டுமே 2,245 மெகாவாட் திறன் கொண்டது. இந்த மின்சாரம் நாட்டுக்கு வேண்டும். ஆனால் அதை வெளியே கொண்டுசெல்லும் கம்பிகள் கானமயிலின் பாதையில் குறுக்கிடுகின்றன. இந்த இனத்தின் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்தவை. பறக்கும்போது தரையைப் பார்க்கத் தலையைச் சற்றுக் குனிந்தால் நேர் எதிரே இருப்பது தெரியாது. கம்பி கண்ணில் படும்போது, கனத்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடிவதில்லை. தார் பாலைவனத்தில் மட்டும் ஆண்டுக்கு 18 கானமயில்கள் கம்பியில் மோதி இறப்பதாக வனவிலங்கு நிறுவனத்தார் மதிப்பிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவை இந்த நஷ்டத்தை எப்படித் தாங்கும்?

1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை வகுத்ததில் முக்கியப் பங்கு வகித்த எம்.கே. ரஞ்சித்சிங் 2019-ல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2021 ஏப்ரலில் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுசெல்லும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. நடைமுறைச் சிக்கல்கள் எழுந்ததால் 2024 மார்ச்சில் அதை மாற்றி, நிபுணர் குழுவை அமைத்தது. 2025 டிசம்பரில் அக்குழுவின் பரிந்துரைகளை ஏற்று, ராஜஸ்தானில் 14,013 சதுர கி.மீ., குஜராத்தில் 740 சதுர கி.மீ. பரப்பை முன்னுரிமைப் பகுதியாக உறுதிசெய்தது. மின்தடங்களுக்கென்று தனி வழித்தடங்களையும் வகுத்தது.

“எல்லாக் கம்பியையும் புதைத்தால் என்ன?” என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். பூமிக்கடியில் போகும் ஏ.சி. கேபிள் ஒரு நீண்ட கெப்பாசிட்டர் போல் இயங்கும். அழுத்தமும் நீளமும் கூடக் கூட, கேபிள் தன்னையே சார்ஜ் செய்துகொள்ளக் கணிசமான கரண்டை விழுங்கிவிடும். 400 கே.வி. லைனை நெடுந்தூரம் புதைப்பது இதனால்தான் கடினம், செலவும் பன்மடங்கு. 33 கே.வி.க்கும் அதற்குக் கீழானவற்றுக்கும் இந்தச் சங்கடம் அவ்வளவாக இல்லை. ஆகையால் சிறியவற்றைப் புதைத்து, பெரியவற்றைப் பறவை அதிகம் நடமாடாத ஒரே வழியில் திருப்பி, மீதமுள்ள கம்பிகளில் பறவைக்குத் தெரியும்படி சுழலும் தகடுகளை மாட்டுவதே நியாயமான வழி. தகடு மாட்டியதோடு வேலை முடிந்துவிடாது. பாலைவனக் காற்றிலும் வெயிலிலும் அவை கழன்று விழும். தண்டவாளத்தை கீமேன் தினமும் நடந்து பார்ப்பதுபோல் மின்தடத்தையும் முறைவைத்துப் பார்க்க ஆள் வேண்டும்.

விவசாயியே காவலன்

பாலைவனத் தேசியப் பூங்காவின் வேலியிட்ட புல்வெளிகளும், பொக்ரான் ராணுவப் பயிற்சி நிலமும் கானமயிலுக்கு ஓரளவு புகலிடம் தருகின்றன. கோயிலுக்கென்று ஊரார் விட்டுவைத்த ‘ஓரண்’ நிலங்களும் அப்படியே. ஆனால் பறவைக்கு வேலி தெரியாது. கொஞ்சம் பறந்தால் யாரோ ஒருவருடைய வயலில்தான் இறங்கும். அந்த வயலுக்கு உரியவர் மருந்து தெளிக்காமல், முட்டையுள்ள மூலையை உழாமல் விட்டால் அவருக்கு நஷ்டம். அதை அரசு உடனுக்குடன் ஈடுசெய்ய வேண்டும். இது நடக்காத காரியமல்ல. கானமயிலின் ஐரோப்பிய உறவினம் ஸ்பெயின் நாட்டுத் தானிய வயல்களில் நிறையவே வாழ்கிறது. அறுவடையைத் தள்ளிப்போடவும் தரிசு விடவும் அங்கே விவசாயிகளுக்குப் பணம் தருகிறார்கள். இங்கிலாந்தில் அதே பறவை 1832-ல் அற்றுப்போனது. 2004 முதல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து மறுபடி வளர்க்கிறார்கள். காப்பாற்றுவதைவிடத் திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நம் அன்பர்களில் பலர் விடுமுறையில் ஜெய்சால்மர் போய்வருகிறார்கள். அங்கே ஜீப்பில் பறவையைத் துரத்திப் படம் எடுக்காதீர்கள். தின்றது போக மீதியை வெளியில் எறியாதீர்கள். அது தெருநாய்களைக் கூட்டிவரும், அந்த நாய்கள் முட்டையைத் தேடிப் போகும். பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: அந்தப் புல்வெளி உபயோகமற்ற நிலமல்ல, சம்மிலும் ராம்தேவ்ராவிலும் வளரும் பறவைகளின் வாரிசுகள் நாளை போய்ச் சேர வேண்டிய வீடு.