சூடேறும் காரும் அடைவு வைத்த நகையும்

அப்பா 2021ஆம் ஆண்டு காலமானபோது எங்களுக்கு எஞ்சியவை ஒரு வீடு, ஒரு பழைய யப்பான் கார், கொஞ்சம் கடன், அவருடைய வைத்தியச் செலவுக்காக அம்மா அடைவு வைத்த நகைகள். காரை ஓட்டுவதற்கு வீட்டில் எவரும் இல்லை. நான் கள வேலைக்கு ஸ்கூட்டியில் போய்வருபவள். "உதை வித்து என்ரை காப்பையும் சங்கிலியையும் மீட்டுத் தா பிள்ளை" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கார் அம்மாவின் பெயரிலேயே பதியப்பட்டிருந்தது. அவரது சீதனக் காணித் துண்டொன்றை விற்ற பணத்தில் வாங்கிய கார் அது. இருந்தும் விலை பேச வந்த தரகர் படலையில் நின்று கேட்ட முதல் கேள்வி, "வீட்டிலை ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்பதுதான்.

அது 2023ஆம் ஆண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வாகனங்களின் விலை ஏறிப்போயிருந்தது. (தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களை இறக்குமதி செய்ய 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் இடமளிக்கப்பட்டது.) எங்கள் காருக்குப் பதின்மூன்றரை இலட்சம் வரை எடுக்கலாம் என்றார் தரகர்.

ஆனால் அந்தக் காருக்கு ஒரு வருத்தம் இருந்தது. யாழ்ப்பாண நகருக்குள் ஓடும்போது ஒன்றும் தெரியாது. கிளிநொச்சிப் பக்கம் போனால், பளை தாண்டி ஆனையிறவு வெளிக்கு வரும்போது வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். நிழலில்லாத அந்த வெளியில் பொனற்றைத் திறந்துவைத்துவிட்டு, கையில் தண்ணீர்ப் போத்தலுடன் அப்பா காத்து நின்றதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இதைத் தரகரிடம் சொன்னேன். "பிள்ளை, உதை ஏன் நீங்கள் வாய் திறந்து சொல்லுறியள்? வாங்க வாறவை சந்திவரைக்கும்தான் ஓடிப் பாப்பினம். காலமை வெள்ளன வரச் சொல்லுவம். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். 'மிச்சம்' என்னவென்று பிறகுதான் அறிந்தேன். றேடியேற்றருக்குள் ஒழுக்கை அடைக்கும் மருந்து ஊற்றுவார்களாம். குறுகிய ஓட்டத்தில் சூடு ஏறாமல் இருக்க தெர்மோஸ்ரற்றைக் கழற்றிவிடுவார்களாம். முள்ளை அசையவிடாமல் செய்கிறவர்களும் உண்டாம்.

விற்பதற்கு முன்னர் வருத்தம் எதுவென்றாவது அறிவோம் என்று அப்பா வழமையாகக் காட்டும் மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனோம். வயதான மனிதர். "உங்கடை வீட்டுக் கேத்திலின்ரை அடியைப் பாத்திருக்கிறியளோ தங்கச்சி?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறைக் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்த வெள்ளைப் படிவைத் தெரியும். கூலன்ற் ஊற்றவேண்டிய றேடியேற்றருக்குள் ஆண்டுக்கணக்காகக் கிணற்று நீரை ஊற்றினால் அதன் மெல்லிய குழாய்களுக்குள்ளும் அதே படிவு உண்டாகி, நீரோட்டத்தை அடைத்துவிடுகிறது. ஓரிடத்தில் நிற்கும்போது மாத்திரம் சூடேறினால் முதலில் விசிறியைப் பார்க்க வேண்டும் என்றும், எங்களுடையதைப் போல நெடுந்தூரம் வேகமாக ஓடும்போது ஏறினால் றேடியேற்றரையும் தண்ணீர்ப் பம்பையும் பார்க்க வேண்டும் என்றும் விளக்கினார். எண்ணெய் மூடியின் உட்பக்கம் பால் தேநீரின் நிறத்தில் நுரை ஒட்டியிருந்தாலோ, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தாலோ ஹெட் கஸ்கட் போய்விட்டதென்று சந்தேகிக்கலாமாம். அப்படியானால் செலவு பெரிது. எங்கள் காரில் அந்த அறிகுறிகள் இருக்கவில்லை. "எண்டாலும் கழட்டிப் பாக்காமல், தலை வளையேல்லை எண்டு நான் எழுதித் தரமாட்டன்" என்றார். (ஒரு விடயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் அடித்து அவித்துவிடும்.)

திருத்துவதற்கு ஒரு இலட்சத்துக்குச் சற்று மேலே வேண்டும். அது எங்களிடம் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தரகர் ஓர் இளம் தம்பதியைக் கூட்டிவந்தார். தென்மராட்சிப் பக்கத்து ஆட்கள். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கவும், இடைநேரத்தில் வாடகைக்கு ஓடவும் கார் வேண்டுமாம். கணவர் தரகருடன் காரைச் சுற்றிப் பார்த்தார். மனைவி கைக்குழந்தையுடன் வேப்ப மரத்தடியில் நின்றார். கழுத்தில் தாலிக்கொடி இல்லை, மஞ்சள் கயிறுதான் இருந்தது. காதிலும் கையிலும் ஒன்றும் இல்லை. இந்தக் காருக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்கிவிட்டது.

நான் வேலை செய்யும் கிராமங்களில் இந்தக் கதையின் பிற்பகுதியைத்தான் கேட்டு வந்திருக்கிறேன். மனைவியின் நகையை அடைவு வைத்து, போதாததற்கு அவள் பெயரில் நுண்கடனும் எடுத்து ஓட்டோவோ லாண்ட்மாஸ்ரரோ வாங்குவார்கள். சில மாதங்களில் அது படுத்துவிடும். கடன்காரர் வாரந்தோறும் வந்து நிற்பது மனைவியின் முன்னால்தான். விலை பேசும்போதோ அவள் மரத்தடியில் நின்றிருப்பாள். சமூகவியல் படித்த காலத்தில் ஆணாதிக்கச் சமூகக் கட்டமைப்பு பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதிச் சமர்ப்பித்தேன். அன்று எங்கள் முற்றத்தில் நானே அந்தக் கட்டமைப்பின் விற்பனைப் பக்கத்தில் நின்றேன்.

காரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தவர் சந்தோசமாக இருந்தார். முற்பணம் கொடுக்கக் கையை மடிக்குள் விட்டபோது நான் சொல்லிவிட்டேன். தூரம் ஓடினால் சூடேறும், மெக்கானிக் இன்னது சொன்னார், இவ்வளவு செலவாகும் என்று அத்தனையையும் சொன்னேன். தரகர் கோபத்துடன் படலைக்கு வெளியே போய்விட்டார். கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மரத்தடியில் நின்ற பெண்தான் கிட்ட வந்து, "அக்கா, அந்த மெக்கானிக் எங்கை இருக்கிறார்? நாங்களும் ஒருக்காக் கேக்கலாமோ?" என்றார்.

அவர்கள் போய்க் கேட்டார்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து பன்னிரண்டு இலட்சத்துக்கு வாங்கினார்கள். ஒன்றரை இலட்சம் குறைந்துவிட்டது.

அன்றிரவு அம்மா சொன்னதையும் எழுதத்தான் வேண்டும். "உன்ரை நீதி நியாயமெல்லாம் என்ரை காப்பிலைதானோ செய்யவேணும்? என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனியே?" கேட்கவில்லைதான். தரகரைப் போலவே நானும் அவரைக் கேட்காமல் முடிவெடுத்திருந்தேன். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

சட்டம் பற்றிச் சில வாசகிகள் கேட்கக்கூடும். வியாபாரி அல்லாத ஒருவரிடம் பழைய பொருளை வாங்கும்போது, அதன் தரத்தைப் பார்த்து வாங்க வேண்டியது பெரும்பாலும் வாங்குபவரின் பொறுப்புத்தான். ஆனால் நேர்மையற்ற விதத்தில் உண்மையை மறைப்பதும் ஏமாற்றுதலாகும் என்று எமது தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவுக்கான விளக்கம் கூறுகிறது. ஆகவே நாங்கள் விற்பனை உடன்படிக்கையில், "நெடுந்தூர ஓட்டத்தில் இயந்திரம் சூடேறும் என்பதும், றேடியேற்றர் மாற்றப்பட வேண்டும் என்பதும் வாங்குபவருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி, இரு பகுதியினரும் கையொப்பமிட்டோம். வாங்குபவரின் பெயரை எழுதாமல் கையொப்பம் மாத்திரம் வைத்துக் கொடுக்கும் 'ஓப்பின் பேப்பர்' முறைக்கு அம்மா சம்மதிக்கவில்லை. கார் கைமாறிக் கைமாறிப் போய் எங்காவது விபத்தில் மாட்டினால், பதிவில் உள்ள பெயரைத் தேடித்தானே பொலிஸ் வரும்?

உரிமை மாற்றப் படிவத்தை நிரப்பும்போது, "யாருடைய பெயரை எழுதட்டும்?" என்று வேண்டுமென்றே அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டேன். அவர் கணவரைப் பார்த்தார். "ஓடுறது நான்தானே" என்றார் கணவர், சற்றுக் கூச்சத்துடன். அப்போது அம்மா, "என்ரை காணிக்காசிலை வாங்கின கார் தம்பி இது. புத்தகத்திலை என்ரை பேர் இருந்தபடியால்தான் இண்டைக்கு என்ரை கையெழுத்துக்காக எல்லாரும் நிக்கிறியள்" என்றார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. கடைசியில் கணவரின் பெயர்தான் எழுதப்பட்டது.

அப்பாவின் கடன்களைக் கொடுத்தபின் மிஞ்சிய பணத்தில் அம்மாவின் சங்கிலியை மீட்டோம். காப்புகளுக்கு இன்னும் வட்டி கட்டி வருகிறேன்.