நெஞ்சுப் படபடப்பும் ஒரு ரிங்கிட்டும்

தஞ்சோங் ரம்புத்தான் என்பது பேராக் மாநிலத்தில் ஈப்போவை அடுத்துள்ள ஒரு சிற்றூர் என்ற விஷயம், கெடாவின் தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெகுநாள் வரையில் தெரியாது. அதை ஒரு வசைச்சொல்லாகவே அவர்கள் அறிந்திருப்பார்கள். தனக்குத்தானே பேசிக்கொள்கிறவனையும், காரணமின்றிச் சிரிக்கிறவனையும், "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று லயத்து வாசலில் உட்கார்ந்து பரிகசிப்பது வழக்கம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், 1911-ஆம் ஆண்டில், அங்கே திறக்கப்பட்ட மனநோய் வைத்தியசாலைக்கு இன்று 'பஹாகியா' என்று பெயர்; மலாய் மொழியில் அதற்கு ஆனந்தம் என்று அர்த்தம். பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனால் அந்த ஊர்ப்பெயர் கிளப்பும் அச்சம் மாறவில்லை. அதனால்தான், சித்தம் சிறிதும் கலங்காமல், பதற்றம் ஒன்றினால் மட்டும் வருஷக்கணக்கில் அவதிப்படுகிற ஒரு மனிதர், மனநல வைத்தியர் என்ற சொல்லைக் கேட்டவுடனே தம்மைப் பைத்தியக்காரர் பட்டியலில் சேர்த்துவிடுவார்களோ என்று ஒதுங்கிப்போகிறார்.

பதற்ற நோயின் விசித்திரம், அது மனத்தின் பாஷையில் பேசாமல் தேகத்தின் பாஷையில் பேசுவது. பாட்டி விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு வரிசைக்குப் போய் ரப்பர்ப் பால் வெட்டிய பாடாங் செராய்ப் பகுதியில், பேத்தி இன்று தொழிற்சாலை பஸ் ஏறிக் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் இரவு முறை வேலைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் நள்ளிரவில், யாதொரு முகாந்தரமும் இல்லாமல், அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, கை கால் சில்லிட்டு, மூச்சு முட்டி, இதோ பிராணன் போகப்போகிறது என்ற திகில் உண்டாகிறது. அவசரப் பிரிவுக்கு ஓடுகிறார்கள், இ.சி.ஜி. எடுக்கிறார்கள், இருதயத்தில் குறையில்லை என்று தெரிந்ததும், "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்கிறார்கள். 'ஒன்றுமில்லை' என்ற அந்த ஒரு வார்த்தை, என் அபிப்பிராயத்தில், நோயைக் காட்டிலும் கொடியது. ஒன்றுமில்லை என்றால் நேற்று ராத்திரி தான் பட்டது என்ன என்ற கேள்வி அவளை அரிக்கத் தொடங்க, வீட்டார் முனீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துச் சென்று கயிறு மந்திரித்துக் கட்டுகிறார்கள். யாரோ செய்வினை என்கிறார்கள். வேறு யாரோ போமோ என்னும் மலாய் மந்திர வைத்தியர் ஒருவரின் விலாசத்தைத் தருகிறார்கள். கோயிலுக்குப் போவதை நான் குறைகூற மாட்டேன். சந்நிதியில் நின்று அழுவதனாலும் மனச்சுமை கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. கயிறு கட்டிய கையோடு வைத்தியரிடமும் போகலாம் என்பதை யாரும் எடுத்துச் சொல்லாததுதான் குறை.

பயம் என்பது இயற்கை நமக்குத் தந்த காவல். விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு மரத்தடிக்குப் போகிற பால்வெட்டுத் தொழிலாளியின் காலடியில் ஒரு நாகம் படமெடுத்தால், அந்த க்ஷணத்திலேயே அட்ரினலின் என்னும் சுரப்பு ரத்தத்தில் பாய்ந்து, இருதயத்தை வேகமாக அடிக்கச் செய்து, தசைகளுக்கு ரத்தத்தை ஓட்டி, அவரைப் பின்னுக்குத் துள்ள வைக்கிறது. பதற்ற நோயிலும் தேகம் இதையேதான் செய்கிறது. பாம்புதான் அங்கே இல்லை. திடீர்த் திகில் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்தை எட்டிப் பிறகு தானே வடிந்துவிடும். அதனால் உயிர் போவதில்லை. இன்னொரு வகை உண்டு. பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கடன், நாளைய வேலை என்று எதைத் தொட்டாலும் கவலையாகி, பெரும்பாலான நாட்களில் ஆறு மாதத்துக்கு மேலாக அது நீடித்து, தூக்கம் கெட்டு, கழுத்தும் தோளும் இறுகி, சிறு சத்தத்துக்கும் எரிச்சல் வருவது. இவை குணக்கேடுகளும் அல்ல, கோழைத்தனமும் அல்ல.

ஆண்களின் கதை வேறு. அவர்கள் படபடப்பு என்று சொல்வதில்லை, குடிக்கிறார்கள். 1947-ஆம் ஆண்டில் பீடோங் வட்டாரத்து ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை திரண்டு, கள்ளுக்கடைகளை மறித்துப் போராடிய சரித்திரம் கெடாத் தமிழர்களுக்கு உரியது. கூலியெல்லாம் கள்ளுக்குப் போகிறதே என்பது அவர்களுடைய ஆத்திரம்; அது நியாயமானதும்கூட. ஆனால் குடிப்பவன் எதை மறக்கக் குடிக்கிறான் என்ற விசாரணை அன்றும் நடக்கவில்லை, இன்றும் அதிகம் நடப்பதில்லை. மது பதற்றத்தை இரண்டு மணி நேரம் அடக்கிவைத்து, மறுநாள் காலையில் வட்டியோடு திருப்பித் தருகிறது என்பதை மட்டும் வைத்தியர்கள் தெளிவாக அறிவார்கள்.

சரி, எங்கே போவது? தஞ்சோங் ரம்புத்தானுக்கு அல்ல. உங்கள் பட்டணத்து அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு. சளி ஜுரத்துக்குப் போகிற அதே 'கிளினிக் கெசிஹாத்தான்'தான். பிரஜைகளுக்கு அங்கே கட்டணம் ஒரு ரிங்கிட். 'நெஞ்சு படபடக்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், 'பயமாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை, எத்தனை நாளாக' என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மலாயில் சொல்ல நா எழாதவர்கள் படித்த பிள்ளை ஒருவரை உடன் அழைத்துப் போகலாம்; 'கெரெசஹான்' என்ற ஒரு சொல்லே, பதற்றம் என்று வைத்தியருக்குப் புரியப் போதும். தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் இதே படபடப்பு உண்டாகுமாதலால் ரத்தம் சோதிக்கக்கூடும். பிறகு ஒரு வினாத்தாளைத் தருவார்கள். உதாரணமாக, பதற்றத்தை அளக்கும் ஏழு வினாக்கள் கொண்ட தாள் ஒன்று உலகெங்கும் வழங்குகிறது. மொத்த மதிப்பெண் 21. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மேற்கொண்டு விசாரிக்கவேண்டும் என்பது முறை. தேவையானால் 'சூராட் ருஜுக்கான்' என்னும் பரிந்துரைக் கடிதம் எழுதி, சுங்கைப்பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கோ, அலோர் ஸ்டாரில் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். அங்கே நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். கோலக்கெட்டிலிலிருந்தும் சிக்கிலிருந்தும் வருகிறவர்களுக்கு அதைவிடப் போக்குவரத்துச் செலவுதான் பெரிது.

சிகிச்சை இரண்டு வழியில் நடக்கிறது. ஒன்று பேச்சு: எந்த எண்ணம் பயத்தைத் தூண்டுகிறது, எதற்குப் பயந்து எதையெல்லாம் தவிர்க்கிறோம் என்று உளவியலாளரோடு அமர்ந்து ஆராய்ந்து, தவிர்த்தவற்றைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழகுவது. மற்றது மருந்து: செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் முதலியவை. இவை தலைவலி மாத்திரையைப் போல உடனே வேலை செய்யமாட்டா. இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். முதல் வாரத்தில் குமட்டலும் சற்றே அதிகப் பதற்றமும்கூட வரலாமாதலால், நம்மவர்கள் பலர் அந்தக் கட்டத்திலேயே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். குணமான பிறகும் பல மாதங்கள் தொடர்ந்து உட்கொண்டு, வைத்தியர் சொல்லியபடி மெல்லக் குறைப்பதே முறை. அல்பிரஸோலம் போன்ற தூக்க மயக்க மாத்திரைகள் மட்டும் உடனே சாந்தி தருபவை. அதனாலேயே அவற்றுக்கு அடிமையாகும் அபாயமும் உண்டு. பக்கத்து வீட்டாரிடம் கடன் வாங்கி விழுங்கத்தக்க சரக்கு அல்ல அது.

உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருமானால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை 2023-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே போலீஸுக்குப் பயந்து மறைக்க அவசியமில்லை. சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி எண் 15555.

கிளினிக்குக்குப் போக நினைப்பவர்களுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. கெடாவில் அரசாங்க வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஆகவே, தனியார் வேலைக்குப் போகிறவர்களில் சிலருக்கு ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் அரசாங்க கிளினிக் காலை எட்டு மணிக்கு வழக்கம்போலத் திறக்கிறது. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, கூட ஒருவரையும் அழைத்துக்கொண்டு போய் வாருங்கள்.