குருத்தைத் துளைக்கும் கொம்பன்

பளையில் எங்கள் காணிக்குள் போனால் நான் முதலில் அண்ணாந்து பார்ப்பது தென்னையின் வட்டைத்தான். புதிதாய் விரிந்த ஓலை கத்தரிக்கோலால் வெட்டினாற்போல் முக்கோணமாய் அறுந்திருந்தால் காண்டாமிருக வண்டு வந்துபோயிருக்கிறது. அது நேற்றைய காயமல்ல. ஓலை குருத்துக்குள் மடிந்து கிடந்தபோதே துளைத்துவிட்டது. விரிந்த பிறகுதான் எங்கள் கண்ணில் படுகிறது. மட்டையடியில் ஈரச் சக்கை தள்ளியிருந்தால் வண்டு இன்னும் உள்ளேதான். கொளுக்கிக் கம்பியால் குத்தி இழுக்க வேண்டும். வளர்ந்த மரம் ஒன்றிரண்டு துளையைத் தாங்கும். தென்னம்பிள்ளைக்கு நுனிமொட்டு போனால் பிள்ளையே போய்விடும்.

வட்டிலேயே கண்ணாயிருப்பது போதாது. வண்டு பிறப்பது அங்கே இல்லை. உக்கிய குத்தியிலும் எருக்குவியலிலும் முட்டையிடும். வெள்ளைப் புழுக்கள் மாதக்கணக்கில் அங்கேயே தின்று கொழுக்கும். உயிருள்ள மரத்தைத் தொடாது. போர்க்காலத்தில் ஷெல் பட்டு வட்டிழந்த தென்னைகள் எங்கள் பகுதியில் வரிசையாய் நின்றன. நின்றபடி உக்கும் மரத்துக்குள்ளும் இந்தப் புழு வளரும். அவற்றைத் தறிக்க ஊரில் ஆளில்லாத காலம் அது.

இந்த வண்டைக் கடல் கடத்தியதும் மனிதர்தான். 1909இல் இலங்கையிலிருந்து, அப்போது ஜெர்மானியர் ஆண்ட சமோவாவுக்கு றப்பர் கன்றுகள் போயின. வேர்மண்ணோடு வண்டும் போனது. அரசு மக்களை வண்டும் புழுவும் பொறுக்க வைத்தது, தீரவில்லை. 1963இல் அலோயிஸ் ஹூகர் என்ற ஆய்வாளர் மலேசியாவில் நோயுற்ற புழுக்களிடம் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். 1967இல் அதைச் சமோவாவில் விட்டார்கள். நோய்பட்ட வண்டு உடனே சாகாது. தீனி குறையும், முட்டை குறையும். அதற்கிடையில் பறந்து திரிந்து மற்ற வண்டுகளுக்கும் புழுக்களுக்கும் நோயைக் கொடுத்துவிடும். தென்னைகள் தேறின. பயிர்க்காப்பில் நான் அறிந்த அழகான வேலை இது.

ஆனால் 2007இல் குவாம் தீவில் தென்பட்ட வண்டிடம் அந்த வைரஸ் எடுபடவில்லை. 2013இல் ஹவாயிலும், பிறகு சொலமன் தீவுகளிலும் அதே வகை வந்து இறங்கியது. ஆகவே வைரஸை மட்டும் நம்பியிருக்க முடியாது. எங்கள் கையில் எப்போதும் இருப்பது பழைய வேலைதான். பாறிய மரத்தைக் கிடக்கவிடாமல் தறித்து எரியுங்கள். எருவைக் கிளறிப் புழுக்களைக் கோழிக்குப் போடுங்கள். வண்டு வேலி பார்த்துப் பறப்பதில்லை. பக்கத்துக் காணியில் குத்தி உக்கிக் கிடந்தால் நான் போய்க் கேட்கிறேன், தறிக்க ஆளில்லை என்றால் கோடரியோடு நானே போகிறேன்.