எடைக்குப் போட்ட மாயாவி!

லெகோ என்று ஒரு டென்மார்க் கம்பெனி. பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடு ஒன்று சொருகி வீடு, கார், கப்பல் என்று கட்டுகிற விளையாட்டுச் சாமான் செய்கிறவர்கள். 2006-ல் பேட்மேனை வைத்து ஒரு வரிசை விட்டார்கள். அந்தப் பெட்டியைப் பிரிக்காமலே பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு, 'ஹூம்... அதெல்லாம் ஒரு காலம்!' என்று பெருமூச்சு விடுகிற பார்ட்டிகள் வெளிநாடுகளில் உண்டு.

"காசு ஜாஸ்தியாயிட்டா இப்படித்தான் சார்" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அவசரப்படாதீர்கள். நம்ம விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இதே கேஸ்கள் இருக்கின்றன. பிளாஸ்டிக்குக்குப் பதில் காகிதம். பேட்மேனுக்குப் பதில் இரும்புக்கை மாயாவி. அவ்வளவுதான் வித்தியாசம்!

மாயாவியை மறந்துவிட்டவர்களுக்காக ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். லூயிஸ் கிராண்டேல் என்பது அவர் நிஜப் பெயர். ஆய்வுக்கூட விபத்தில் வலது கை போய், இரும்புக் கை மாட்டிக்கொண்டவர். மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் ஆசாமி மறைந்துவிடுவார். கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். (ஈ.பி.காரர்கள் பார்த்தால் மீட்டர் போட்டிருப்பார்கள்!) 1962-ல் 'வேலியண்ட்' என்ற இங்கிலாந்து வாரப் பத்திரிகையில் பிறந்தார். படம் போட்டவர் ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் ஓவியர். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் புத்தகமே மாயாவிதான்.

1984-ல் அதே சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ். ஆசிரியர் எஸ். விஜயனுக்கு அப்போது மீசை அரும்புகிற வயசு. லயனில் வந்த ஸ்பைடர் இன்னொரு ரகம். அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் இவருக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டு, அப்புறம் மனம் மாறி அதே குற்றவாளிகளை வேட்டையாடினவர். இவருடைய கதைகள் பலவற்றை எழுதியவர் யார் தெரியுமோ? ஜெர்ரி சீகல். 1938-ல் அறிமுகமான சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்! அந்தப் பெரிய மனிதர் எழுதிய கதையை நம்ம பையன்கள் கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்திருக்கிறார்கள். சீகலுக்கே தெரிந்திருக்காது.

இப்போது நம்ம கதாநாயகர்களுக்கு வருவோம். ஒருவர் விழுப்புரம், அரசு அலுவலகத்தில் வேலை. இன்னொருவர் திண்டிவனம்; தனியார் கம்பெனி கணக்காளர். பெயர் போட வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள். ("ஆபீஸ்ல ஓட்டுவாங்க சார்!") விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முக்கோணம் போட்ட மாதிரி. இருவரும் முதலில் சந்தித்ததும் மூன்றாவது முனையில்தான். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், ஒரே புத்தகத்தின் மேல் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கை வைத்தார்கள்.

"சண்டை வரலையா?" என்றேன்.

"அண்ணாதான் விட்டுக் கொடுத்தாரு" என்றார் திண்டிவனம்.

"நீ வேற தம்பி. கடைசி ரெண்டு பக்கம் இல்ல. அதான் விட்டேன்!" என்றார் விழுப்புரம்.

கடைசிப் பக்கம் இல்லாத புத்தகம்தான் இந்த உலகத்தின் பெரிய சோகம். வில்லன் மாயாவியைக் கட்டிப் போட்டிருப்பான், அதோடு அட்டை வந்துவிடும். இப்படி ஒரு கதையின் முடிவு தெரியாமலே விழுப்புரக்காரர் இருபது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறார். கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, பிரமோஷன் வாங்கி... மாயாவி மட்டும் கட்டிப் போட்டபடியே கிடந்தார்.

சிறு வயதில் அவரிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம் இருந்ததாம். ப்ளஸ் டூ வருஷம், 'படிப்பு கெடுது' என்று அப்பா அத்தனையையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். "அடி வாங்கியிருந்தாக்கூட மறந்திருப்பேன். தராசுல வச்சாரு பாருங்க, அதை மறக்க முடியல" என்கிறார். அன்றைக்குப் போனதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கிற வேலைதான் இன்றுவரை நடக்கிறது.

அடியேன் பி.காம். தேய்மானம் என்று ஒரு சங்கதி பாடத்தில் உண்டு. நாற்காலி, மேஜை, மோட்டார் எதுவானாலும் வருஷா வருஷம் மதிப்பு இறங்கும். பழைய காமிக்ஸ் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. ஒன்றிரண்டு ரூபாய்க்கு வந்த புத்தகத்துக்கு இன்று நாலு இலக்கத்தில் விலை சொல்கிறவர்கள் உண்டு. காரணம் எளிது. வாங்கினவர்களில் பாதிப் பேர் படித்துக் கிழித்தார்கள். மீதிப் பேர் வீட்டில் எடைக்குப் போட்டார்கள். தப்பிப் பிழைத்தது கொஞ்சம். கொஞ்சமாக இருந்தால் விலை ஏறத்தானே செய்யும்?

"மறுபதிப்புத்தான் வந்திருக்கே, அதைப் படிச்சா ஆகாதா?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதான். சிவகாசியிலேயே மாயாவி மறுபடி அச்சாகியிருக்கிறார். இங்கிலாந்தில் ரெபெல்லியன் நிறுவனம் 2021-ல் புதுப் பதிப்புப் போட்டது.

"வாங்கி வச்சிருக்கேன் சார். கதை அதுல இருக்கு. நான் இதுல இருக்கேன்" என்றார் திண்டிவனம், பழுத்துப்போன ஒரு அட்டையைத் தடவியபடி. அட்டைக்குள் யாரோ ஒரு பையன் ஊதா மசியில் எழுதியிருந்தான்: 'இந்தப் புத்தகத்தை எடுத்தால் கண் அவிந்து விடும்.' பாவம், அவன் எங்கே இருக்கிறானோ!

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாத சங்கதியும் ஒன்று உண்டு. விழுப்புரத்தாருக்குப் பெண்ணின் காலேஜ் பீஸ் கட்டப் பணம் போதவில்லை. மொத்தப் புத்தகத்துக்கும் சேர்த்து ஒரு வியாபாரி தொகை சொன்னார். இவரும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். குறுக்கே வந்தவர் மனைவி. 'வீடு முழுக்கக் குப்பை' என்று வருஷக்கணக்கில் திட்டிய அதே அம்மணி!

"வளையலை அடகு வச்சா மீட்டுடலாம். இதை வித்தா மீட்க முடியுமா?"

வளையல் போயிற்று, ஓவர்டைம் பார்த்து எட்டு மாசத்தில் திரும்பியும் வந்தது. அதற்கப்புறம் அவர் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். சம்பளத்தில் வீட்டுச் செலவு, சீட்டுப் பணம் எல்லாம் போக மிஞ்சினால்தான் மாயாவி. கடன் வாங்கிப் புத்தகம் கிடையாது. புதிதாக இந்தப் பித்துப் பிடித்த தம்பிமார்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அனுபவஸ்தர்கள் சொல்லும் இன்னும் சில: காசு கொடுக்குமுன் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். ஜெராக்ஸ் எடுத்துப் பழைய புத்தகம் என்று தலையில் கட்டுவதும் நடக்கிறது, உஷார். மலிவுக் காகிதத்தில் உள்ள அமிலமே அதை அரித்துவிடும். வெயிலும் ஈரமும் பட்டால் சீக்கிரம் கதை முடியும். செல்லோடேப் ஒட்டவே கூடாது, கறை இறங்கும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை மெதுவாகக் கழற்றி நூலால் தைத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பூட்டி வைக்காதீர்கள். விழுப்புரத்தார் வீட்டுக்கு வருகிற வாண்டுகளிடம் மறுபதிப்பைத்தான் கொடுக்கிறார். முழுசாகப் படித்து முடித்து, 'இன்னொண்ணு இருக்கா?' என்று கேட்கிறவனுக்கு மட்டும் ஒரிஜினல் தரிசனம்!

அது சரி, அந்தக் கட்டிப் போட்ட மாயாவி என்ன ஆனார்? திண்டிவனத்தார் கைக்கு முழுப் புத்தகம் ஒன்று வந்து சேர்ந்தது. அடுத்த ஞாயிறே பஸ் பிடித்து அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. முடிவு என்ன என்று விழுப்புரத்தாரிடம் கேட்டேன். "ப்பூ, கையாலயே கயித்தை அறுத்துட்டாரு சார். இதுக்குப் போய் இருபது வருஷமா!" என்று சிரித்தார். ஆனால் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கலாம். போகிக்கு முன்னால் ஒருமுறை ஏணி போட்டுப் பார்த்துவிடுங்கள்.